கடைசியாக இறங்குபவர்

புதிதாகக் குழு மேலாளர் பொறுப்புக்கு வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் போட்டுக் கோபப்பட்டார். யார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். வெளியூர் ஆட்டம் முடிந்து பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்திருக்கிறார்கள். ஃபெர்ரி பினாங்குப் படகுத்துறை ஜெட்டியில் வந்து அணைந்ததும், ஆட்டக்காரர்களுக்கு வேன் பிடிக்க வேண்டுமே என்று இவர் முதல் ஆளாக இறங்கி ஓடியிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு மனிதர், "ஏய் மேனேஜர், ஒனக்கு என்னலா அவசரம், பின்னாடி போ" என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தியிருக்கிறார்.

"நான் என் வேலையைத்தானே அக்கா செஞ்சேன். எவரோ ஒருத்தர் பப்ளிக்ல என்னைத் திட்டுறாரு. பாலம் இருக்கும்போது நாம ஏன் ஃபெர்ரில வரணும்? மேனேஜர் கடைசியாத்தான் இறங்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதவில்லை தம்பி. எழுதாமல் விட்டது எங்கள் தப்பு. இப்போது எழுதுகிறேன், டீயை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகப் படி. படித்து முடித்த பிறகும் பாலம்தான் வேண்டும் என்று தோன்றினால் அப்போது என்னோடு சண்டைக்கு வா. நானும் சண்டைக்குச் சளைத்தவள் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

டிக்கெட் எடுப்பது, அறை போடுவது, யாருக்கு என்ன சாப்பாடு ஆகாது என்று பார்ப்பது, இதையெல்லாம் பற்றி ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. நான் நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசி முடித்ததை நீங்கள் போனில் கட்டைவிரலால் முடித்துவிடுகிறீர்கள். நல்லது. ஆனால் ஒரு குழுவை எந்த வழியாக வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும் என்பதைப் போன் சொல்லாது. அது சொல்கிற வழி எப்போதும் பாலம்தான்.

நம் கிளப்பின் வரலாற்றை அலுவலகச் சுவரில் அழகாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். கோப்பைகள் இருக்கின்றன, தலைவர்களின் படங்கள் இருக்கின்றன. ஃபெர்ரி மட்டும் இல்லை. இந்தக் கிளப்பைத் தொடங்கியவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், தோணி தள்ளியவர்கள், ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் கலந்துதான். பதினைந்து பேர் ஆடுவதுதான் ரக்பி என்று மற்றவர்கள் சொன்னபோது, இவர்கள் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பதினைந்து பேருக்கு ஒரே நேரத்தில் லீவு கிடைக்காது என்பதுதான் காரணம் என்று பழைய ஆட்டக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். சட்டைக்குச் சாயம் வாங்கக் காசில்லை. மீனவர்கள் மரப்பட்டையைக் கொதிக்க வைத்து வலைக்குச் சாயம் ஏற்றுவார்கள், அதே பானையில் சட்டையையும் போட்டு எடுத்தார்கள். இன்று உங்கள் ஆட்டக்காரர்கள் போட்டுக்கொள்ளும் துரு நிறம் அந்தப் பானையிலிருந்து வந்தது. நான் முதன்முதலில் இதைக் கேட்டபோது அலமாரியைத் திறந்து அந்தச் சட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொல்வதில் என்ன வெட்கம்.

அந்தக் காலத்தில் பாலம் கிடையாது. வெளியூர் போய் ஆடிவிட்டு வந்தால் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி ஏறித்தான் தீவுக்கு வர வேண்டும். ஆடினவனும் அதே ஃபெர்ரி, பார்த்தவனும் அதே ஃபெர்ரி. தோற்றுவிட்டால் ஒளிந்துகொள்ள இடமில்லை. வேண்டுமானால் கடலில் குதிக்கலாம்.

பிறகு பாலம் வந்தது. ஒரு முறை மோசமாகத் தோற்றுவிட்டு, பாதிப் பேர் சொந்தக்காரர்களின் கெரெத்தாவில், அதாவது காரில், ஏறிப் பாலத்தின் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் மட்டும் ஃபெர்ரியில் வந்து இறங்கினார்கள். ஜெட்டியில் காத்திருந்தவர்கள் திட்டவில்லை. "மத்தவங்கல்லாம் எங்க?" என்று மட்டும் கேட்டார்கள். அன்றைய கேப்டனுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த பயிற்சியில் அவர் சொன்னதுதான் இன்றுவரை நம் விதி: பை பாலத்தில் போகலாம், ஆள் போகக் கூடாது.

அதிலிருந்து மற்றதெல்லாம் தானாக வளர்ந்தது. ஆடிய சட்டையைக் கழற்றாமல், சேற்றோடு ஃபெர்ரியில் ஏற வேண்டும். இறங்கும் வாசலின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஃபெர்ரி அணைந்ததும் பயணிகள் அத்தனை பேரும் நம் ஆட்களைக் கடந்து இறங்கிப் போவார்கள். கடைசிப் பயணியும் இறங்கிய பிறகுதான் ஆட்டக்காரர்கள் இறங்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. எனக்கு முன் மேலாளராக இருந்தவரிடம், "என்ன பாய் இது, தோத்துட்டு வர்ற பிள்ளைங்களை ரோட்டுல நிறுத்தி வச்ச மாதிரி" என்று கேட்டேன். அவர் மீ கோரிங் நூடுல்ஸில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே, "நீயும் போய் நின்னு பாரும்மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவர் தட்டைப் பிடுங்கலாம் போல இருந்தது.

நம் ஃபெர்ரிப் பயணங்களில் ஒருவர் உண்டு. அவருடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது, எல்லாரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி ஓட்டுகிறவர், ஆயர் ஈத்தாம் பக்கம் வீடு. எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் வந்துவிடுவார், எங்களோடுதான் ஃபெர்ரியில் திரும்புவார். அந்தக் குரலுக்கு வேறு பெயர் வைக்க முடியாது. தோற்றால் ஒவ்வொரு ஆட்டக்காரனும் எங்கே எப்படிச் சொதப்பினான் என்று பட்டர்வொர்த்தில் ஆரம்பித்து ஜெட்டி வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவார். ஜெயித்தால், "இதை முன்னாடியே ஆடியிருந்தா என்னலா" என்பார். பயிற்சியாளருக்குப் பயப்படாத தடியன்கள்கூட ஹாரனைக் கண்டால் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இவ்வளவும் தெரிந்தால்தான் அந்த நாளைச் சொல்ல முடியும்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் ஈப்போவில். ஜெயித்தால் மேல்நிலை லீக்கில் நீடிப்போம், தோற்றால் கீழே இறங்க வேண்டும். தீவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்திருந்தார்கள். ஈப்போ மைதானத்தில் பாதி எங்கள் துரு நிறம்தான்.

அணியில் ஓரத்தில் ஓடுகிறவன் புவனேஸ், இருபத்திரண்டு வயது, சிம்பாங் அம்பாட் பையன். அப்பாவும் அம்மாவும் தொழிற்சாலையில் வேலை. கிளப்பிலேயே அவனை மிஞ்ச ஆள் இல்லை, அவ்வளவு வேகம். அந்த வேகத்தோடு கொஞ்சம் மிதப்பும் உண்டு. டிரை போட்டால் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்குவான். எனக்கு அது பிடிக்கும், பயிற்சியாளருக்குப் பிடிக்காது.

ஆட்டம் முடியப் போகிற நேரம், நாங்கள் கொஞ்சம் பின்தங்கி இருந்தோம். ஒரு டிரை போட்டால் போதும். பந்து புவனேஸ் கைக்கு வந்தது. அவனுக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை. ஓடினான். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம். கோட்டைத் தாண்டிவிட்டான். ரக்பியில் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, பந்தைத் தரையில் அழுத்தி வைக்க வேண்டும். அதுதான் டிரை. அவன் வைப்பதற்கு முன்னால் எங்கள் கூட்டத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினான். இன்னொரு கையிலிருந்த பந்து நழுவி, தொடையில் பட்டு உருண்டு போய்விட்டது.

நடுவர் விசில் ஊதினார். தோற்றோம்.

வேறு எப்படித் தோற்றிருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். கால் வழுக்கியிருந்தால் பொறுத்திருப்பார்கள், எதிரி பிடித்து இழுத்திருந்தாலும் பொறுத்திருப்பார்கள். இவன் கையைத் தூக்கியல்லவா தோற்றான். ரயில் கோலகங்சார் தாண்டுவதற்குள் அந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. புவனேஸ் சன்னலோரமாக உட்கார்ந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ நீட்டிய தண்ணீர்ப் போத்தலைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை.

தைப்பிங் பக்கத்தில் வரும்போது கிளப்பின் தலைவர் டத்தோ போன் செய்தார். நல்ல மனிதர். எங்கள் கிளப் மூழ்காமல் இருந்ததே அவரால்தான், அதை நான் மறக்க மாட்டேன்.

"தனா, நான் பஸ் ஏற்பாடு பண்ணிட்டேன். ஸ்டேஷனுக்குப் பின்னால நிக்கும். எல்லாரையும் ஏத்திப் பாலத்துல கூட்டிட்டு வந்துரு."

"டத்தோ, நம்ம ஆளுங்க ஃபெர்ரிலதான் வருவாங்க."

"எனக்குத் தெரியாதா தனா? ஃபெர்ரி டெர்மினல்ல எவ்வளவு கூட்டம் நிக்குதுன்னு படம் அனுப்பியிருக்காங்க. பையனை எவனாச்சும் தள்ளிவிட்டா நடுக்கடல்ல என்ன பண்ணுவே? அவங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது, நானா நீயா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு போனை எடுப்பீர்கள். அப்போது எதிர்ப்பக்கம் பேசுகிறவர் கெட்டவராக இருந்தால் முடிவெடுப்பது சுலபம். நல்லவராக இருந்து, நியாயமாகவும் பேசினால்தான் கஷ்டம். "ஸ்டேஷனுக்கு வந்துட்டு சொல்றேன் டத்தோ" என்று வைத்துவிட்டேன்.

பட்டர்வொர்த்தில் இறங்கினோம். மாலை வெயில் இன்னும் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஃபெர்ரிக்குப் போகும் நடைபாதையில் எட்டிப் பார்த்தேன். கூட்டம் நின்றது. வழக்கமாகக் கூச்சலாக இருக்கும். அன்று சத்தமே இல்லை. நடுவில் ஹாரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வாய் மூடியிருந்தது. எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான். கத்துகிற ஹாரனை எனக்குச் சமாளிக்கத் தெரியும். கத்தாத ஹாரனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒவ்வொன்றாக யோசித்தேன். பைகளைப் பஸ்ஸில் ஏற்றச் சொன்னேன். தோள்பட்டை விலகியிருந்த ஆட்டக்காரன் ஒருவன், நானும் ஃபெர்ரியில்தான் வருவேன் என்று அடம்பிடித்தான். "ஒன் கையி சரியாகட்டும், அப்புறம் வந்து நில்லு. இப்ப பஸ்ல ஏறு" என்று ஓர் அதட்டல் போட்டேன், ஏறிக்கொண்டான். வழக்கம் பெரிதுதான், அதற்காக அடிபட்டவனை நிற்க வைப்பது முட்டாள்தனம்.

டெர்மினல் பாதுகாவலர், அடுத்த ஃபெர்ரியில் போகிறீர்களா என்று மலாயில் கேட்டார். நாங்கள் எதில் ஏறினாலும் இவர்களும் அதில்தான் ஏறுவார்கள், அதனால் இதிலேயே போகிறோம் என்றேன். இரண்டு பேரைக் காவலுக்கு அனுப்புகிறேன் என்றார். அனுப்புங்கள், ஆனால் எங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம், பின்னால் நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். சொந்த ஜனங்களிடமிருந்து நம்மைக் காப்பாற்ற ஆள் வைத்ததாக அவர்கள் நினைத்துவிட்டால், பிறகு அந்தக் கிளப்பை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

மிச்சம் புவனேஸ். அவன் வீடு சிம்பாங் அம்பாட்டில். அதாவது அவன் ஃபெர்ரியே ஏற வேண்டாம். கடலுக்கு இந்தப் பக்கத்திலேயே அவன் வீடு. மோட்டார் சைக்கிளை ஸ்டேஷனில்தான் விட்டிருந்தான். ஆட்டத்துக்குப் பிறகு எங்களோடு தீவுக்கு வந்து, மறுபடி ஃபெர்ரி ஏறி இங்கே வந்து, மோட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது அவன் வழக்கம். எனக்கு இது நினைவுக்கு வந்ததும் அப்பாடா என்று இருந்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"தம்பி, நீ இன்னைக்கு இப்படியே வீட்டுக்குப் போயிரு. அம்மா தேடிக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

ரயிலில் வாயே திறக்காதவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப நான் டீம்ல இல்லையா அக்கா?"

எனக்குச் செவுளில் அறைந்த மாதிரி இருந்தது. நான் அவன் மேல் இரக்கப்பட்டு ஒரு கதவைத் திறந்துவிட்டதாக நினைத்தேன். அவனுக்கு அது வெளியே போ என்று கதவைக் காட்டியதாகப் பட்டிருக்கிறது. அவன் கேட்டதில்தான் எல்லாம் எனக்கு விளங்கியது. அவனை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய் நின்றால், ஜெட்டியில் ஜனங்கள் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். இந்த முறை பதில் சொல்ல வேண்டியவள் நான்.

கேப்டன் அஸ்மான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். துறைமுகக் குடியிருப்பில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். "அக்கா, அவன் எனக்குப் பக்கத்துல நிக்கட்டும். ஒண்ணும் ஆகாது" என்றான்.

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து நனைவோம்."

நான் டத்தோவுக்குப் போன் போட்டேன். "பை பஸ்ல வருது டத்தோ. நாங்க ஃபெர்ரில வர்றோம். அவங்க அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." அவர் போனை வைத்துவிட்டார். இதோடு என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

நடைபாதையில் இறங்கினோம். தண்ணீர்மலையில் காவடி வரும்போது கூட்டம் எப்படித் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிடும், அப்படி விட்டார்கள். ஒருவரும் தொடவில்லை, ஒருவரும் பேசவில்லை. நாங்கள் போய் வாசலின் இரண்டு பக்கமும் நின்றோம். அவர்கள் பின்னால் வந்து தளத்தை நிறைத்தார்கள். கூட்டத்தில் மீன் வாங்கிக்கொண்டு போகிறவர்களும், ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களும், எங்கள் கிளப் எது என்றே தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்களும் எதையோ உணர்ந்து அமைதியாகிவிட்டார்கள். என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

பாதிக் கடலில் ஓர் இளைஞன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். நேராகப் புவனேஸ் முன்னால் நின்று, போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டி வீடியோவை ஓட்டினான். "பாருலா. கையத் தூக்குறியே, நல்லாப் பாரு. எங்க அப்பா ஆஸ்பத்திரி பெட்ல படுத்துக்கிட்டு இதைப் பாத்தாரு. தெரியுமா ஒனக்கு?"

அவன் கையை ஓங்கித் தட்டிவிட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. அஸ்மானின் தாடை இறுகியதைப் பார்த்தேன். காவலர் ஒருவர் முன்னால் வர, நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அது சரியா தவறா என்று எனக்கு அப்போது தெரியாது.

புவனேஸ் போனைப் பார்த்தான். முகத்தைத் திருப்பவில்லை, கண்ணை மூடவில்லை. தான் ஓடுவதை, கோட்டைத் தாண்டுவதை, கையைத் தூக்குவதை, பந்து உருள்வதை, முழுக்கப் பார்த்தான். வீடியோ முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. அதையும் பார்த்தான். கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கன்னத்துச் சேற்றில் கோடு போட்டது. அதைத் துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை.

மூன்றாவது முறை ஓடத் தொடங்கும்போது போனை நீட்டியவனின் கை தானாக இறங்கியது. போனைப் பையில் போட்டுக்கொண்டான். திரும்பிப் போகவும் முடியாமல் அங்கேயே நின்றான். கடைசியில் புவனேஸுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தீவைப் பார்த்தபடி நின்றுவிட்டான். நான் எத்தனையோ பெரிய ஆட்டங்களைப் பார்த்தவள். அந்தப் பையன் கண்ணை மூடாமல் நின்றதைப் போல ஒன்றை எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை.

ஃபெர்ரி ஜெட்டியில் அணைந்தது. பாலப்பலகை இறங்கியது. வழக்கப்படி பயணிகள் இறங்க வேண்டும்.

ஒருவரும் இறங்கவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. முன்னால் நிற்பவர் யாரோ தடுமாறுகிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் யாருமே காலை எடுத்து வைக்கவில்லை. துரு நிறச் சட்டைக்காரர்கள் நின்றார்கள், அவர்களைப் பார்த்து மீன் பையும் ஷிஃப்டு உடையுமாக மற்றவர்களும் நின்றார்கள். இறங்கும் வழி காலியாகக் கிடந்தது. வழிமறித்து ஏதோ செய்யப் போகிறார்கள் என்று பயந்தேன். ஃபெர்ரி ஊழியர் மலாயில் "துருன், துருன்" என்று இறங்கச் சொல்லிக் கத்தினார். யாரும் அசையவில்லை. அஸ்மான் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

கூட்டத்திலிருந்து ஹாரன் வந்தார். கையைக் கட்டியபடியே வந்து புவனேஸ் முன்னால் நின்றார். அந்தக் குரல் அவ்வளவு மெதுவாகவும் பேசும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நீங்க மொதல்ல எறங்குங்க தம்பி."

புவனேஸ் தலையை ஆட்டினான். மாட்டேன் என்று.

"எறங்கு. இன்னைக்கு நாங்க அப்புறமா வர்றோம்."

மறுபடியும் தலையாட்டல். வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி, அதனால் பேசவில்லை. கடைசியாகத்தான் இறங்க வேண்டும் என்பதும் விதி, அதனால் அசையவில்லை. அவனைப் பார்த்து மற்ற ஆட்டக்காரர்களும் மரம் மாதிரி நின்றார்கள். எதிரே நூற்றுக்கணக்கான ஜனங்களும் அப்படியே நின்றார்கள். இவர்கள் அவர்களை முதலில் போகச் சொல்கிறார்கள், அவர்கள் இவர்களைப் போகச் சொல்கிறார்கள். கீழே போகப் போகும் ஒரு கிளப்புக்காக ஒரு கடல் வண்டியே நின்றுகொண்டிருந்தது. ஜெட்டியில் அடுத்த பயணத்துக்குக் காத்திருந்தவர்கள் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்கள். நான் மலைத்துப் போய் நின்றேன். தொடங்கியவர்கள் மூட்டை தூக்கியவர்கள், ஓடுகிறவர்கள் தொழிற்சாலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பானைச் சாயத்தில் தோய்த்த சட்டை. இதற்கா இவ்வளவு பேர் இவ்வளவு மரியாதை செய்கிறார்கள் என்று தோன்றியது.

ஆனால் யாராவது எதையாவது செய்ய வேண்டுமே. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எனக்குக் கோபம்தான் சுலபமாக வரும்.

"இங்க பாருங்க" என்று கத்தினேன். "ரெண்டு பக்கமும் இப்படியே நின்னீங்கன்னா ஃபெர்ரிக்காரன் கதவைச் சாத்தித் திரும்பப் பட்டர்வொர்த்துக்குக் கூட்டிட்டுப் போயிருவான். எனக்குப் பசிக்குது. யாரும் முன்னாடி வேணாம், யாரும் பின்னாடி வேணாம். எல்லாரும் ஒண்ணா எறங்குங்க. கடைசியா ஒரு ஆள் நிக்கணும்னா நான் நிக்கிறேன்."

பிறகு எங்கோ ஒரு பெண் சிரித்தாள். ஹாரன் கையை அவிழ்த்துப் புவனேஸ் தோளில் போட்டார். "அக்கா சொல்லிட்டாங்கல்ல, வா" என்றார். வீடியோ காட்டிய இளைஞன் மறுபக்கம் சேர்ந்துகொண்டான். மூவரும் காலை எடுத்து வைத்ததும் தளம் முழுக்க அசைந்தது. சேற்றுச் சட்டையும் சுத்தச் சட்டையும் கலந்து இறங்கின. யார் ஆடியவர், யார் பார்த்தவர் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எல்லாரும் போன பிறகு நான் இறங்கினேன். ஜெட்டியின் முனையில் டத்தோ தனியாக நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு பார்த்தார் என்று தெரியாது. என்னைத் திட்டப் போகிறார் என்று பக்கத்தில் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வா தனா, சாப்பிடப் போவோம்" என்றார். அதற்குப் பிறகு பாலத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

நாங்கள் கீழ்நிலை லீக்குக்குப் போனோம். மேலே ஏறி வரச் சில பருவங்கள் பிடித்தன. நீங்கள் புவனேஸைப் பார்த்திருப்பீர்கள். இப்போதும் டிரை போடும்போது இரண்டு கையாலும் பந்தைத் தரையில் அழுத்தி வைத்து, நடுவர் விசில் ஊதும்வரை குனிந்தபடியே இருப்பான். கூட்டம் சிரித்துக்கொண்டே கைதட்டும். எதற்கு இந்தச் சிரிப்பு என்று உங்களில் யாரோ கேட்டதாகக் கேள்விப்பட்டேன். இதற்குத்தான்.

அடுத்த பருவத்தின் முதல் வெளியூர் ஆட்டத்தில் என்ன செய்வது என்று யாரும் பேசி வைக்கவில்லை. ஃபெர்ரி அணைந்ததும் எல்லாரும் தானாகக் கலந்து இறங்கினார்கள். நானும் அவர்களோடு நடந்தேன். ஹாரன் திரும்பி நின்று கையை நீட்டி மறித்தார்.

"அக்கா, நீங்க கடைசி."

"எதுக்குலா?"

"அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க. கிளப்பு பேர்ல ஒரு ஆளு நிக்கணும்ல."

அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை கடைசியாகத்தான் இறங்கினேன். மழையிலும் இறங்கியிருக்கிறேன், காய்ச்சலோடும் இறங்கியிருக்கிறேன். காலங்காலமாக வந்த வழக்கம் என்று சிலர் இதைச் சொல்கிறார்கள். பசி தாங்காமல் நான் கத்தியதில் பிறந்த வழக்கம் இது. பழைய வழக்கங்களும் இப்படி யாரோ ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

தம்பி, போன வாரம் உன்னைப் பார்த்துக் கத்தியவர் ஹாரன்தான். அவர்மேல் புகார் கொடுக்காதே. உன்னை வேலைக்காரன் என்று நினைத்து அவர் கத்தவில்லை, கிளப் என்று நினைத்துக் கத்தினார். அடுத்த ஆட்டம் முடிந்து வரும்போது எல்லாரும் இறங்கட்டும், நீ நில். தளம் காலியானதும், யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார். பிறகு இறங்கு. வேன் காத்திருக்கும்.